அப்பா விட்டுப்போன வாடகை வீடுகள், கஷ்டத்தில் இருக்கும் குடும்பங்கள்: என்ன செய்யலாம்?

வடசேரி மூத்தவள்

எல்லோருக்கும் வணக்கம். நாகர்கோவில் வடசேரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக மூன்று ஓட்டு வீடுகள் இருக்கின்றன. அப்பா கட்டி வாடகைக்கு விட்டவை. அப்பா சித்திரையில் தவறிவிட்டார். அம்மா முன்வீட்டில் தனியாக இருக்கிறார். எனக்கு வேலை திருவனந்தபுரத்தில், வாரக் கடைசியில்தான் வர முடிகிறது. தம்பி மஸ்கட்டில்.

மூன்று வீட்டுக்கும் எழுத்து ஒப்பந்தம் கிடையாது. ரசீதும் கிடையாது. அப்பா ஒரு நோட்டில் குறித்து வைப்பார், அவ்வளவுதான்.

முதல் வீட்டில் ஆட்டோ ஓட்டுபவர் குடும்பம். 4,500 ரூபாய், ஐந்தாம் தேதிக்குள் வந்துவிடும். நடு வீட்டில் ஒரு கொத்தனார். மாசி மாதம் சாரத்தில் இருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜில் கம்பி வைத்திருக்கிறார்கள். மனைவி ஜவுளிக்கடையில் நிற்கிறார். இரண்டு பிள்ளைகள், மூத்தது பத்தாம் வகுப்பு. வாடகை 4,000, ஐந்து மாதம் பாக்கி. அதில் இரண்டு மாதம் அப்பா இருந்தபோதே விழுந்தது. அட்வான்ஸ் 10,000 கொடுத்ததாகச் சொல்கிறார், நோட்டிலும் அப்படித்தான் இருக்கிறது.

கடைசி வீட்டில் தனியாக ஒரு பாட்டி. தோவாளையில் பூ எடுத்து வந்து கட்டி விற்பவர். வாடகை 900. நான் கல்லூரியில் படித்த காலத்திலும் அதே 900தான்.

எல்லோரையும் காலி செய்துவிட்டு இடித்துக் கட்டலாம் என்கிறான் தம்பி. அப்பா ஒரு நாளும் அவர்களை ஒரு சொல் சொன்னதில்லை, நாம் எப்படிச் சொல்வது என்கிறார் அம்மா. ஆனால் அம்மாவுக்குப் பென்ஷன் கிடையாது. மருந்து, சாப்பாடு, வீட்டுவரி எல்லாம் இந்த வாடகையில்தான் ஓடவேண்டும். நான் அனுப்பும் பணத்தைத் தொடவே அவருக்கு மனம் வரவில்லை.

இந்த நிலையில் இருந்தவர்கள், இருப்பவர்கள் சொல்லுங்கள்.

இரணியல்காரன்

ஐந்து மாதம் என்பது அதிகம். அட்வான்ஸைக் கழித்துக்கொண்டு, மீதியை மறந்துவிட்டு, இரண்டு மாத அவகாசம் கொடுத்துக் காலி செய்யச் சொல்லுங்கள். அதுவே பெரிய உதவிதான்.

மார்த்தாண்டம் வாடகைக்காரி

இரண்டு மாத அவகாசம் கொடுத்தால் எங்கே போவார்கள் அண்ணே? காலில் கம்பியோடு இருக்கும் ஆளுக்கு யார் வீடு கொடுப்பார்கள்? புது வீட்டுக்கு அட்வான்ஸ் எங்கிருந்து வரும்? பழைய அட்வான்ஸைத்தான் நீங்கள் கழித்துவிட்டீர்களே.

தக்கலை பழைய குமாஸ்தா

வக்கீல் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். அம்மா, தம்பி, நீங்கள் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து இதைப் படியுங்கள்.

முதலில் உரிமை யாருக்கு என்று பாருங்கள். உயில் இல்லை என்றால் அந்த மூன்று வீடும் இப்போது உங்களில் எந்த ஒருவருக்கும் தனியாகச் சொந்தமில்லை. இந்து குடும்பம் என்றால் அம்மா, நீங்கள், தம்பி மூவருக்கும் சம பங்கு. அப்பாவைப் பெற்ற அம்மா இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. கிறிஸ்தவக் குடும்பம் என்றால் அம்மாவுக்கு மூன்றில் ஒன்று, மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக. நம் மாவட்டத்தில் இன்னும் சிலர் பழைய திருவிதாங்கூர் கணக்கைச் சொல்லி மகளுக்குக் குறைவு என்பார்கள். 1986-இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை முடித்துவைத்துவிட்டது. தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்குங்கள். வாடகை வாங்கவும் கையெழுத்துப் போடவும் ஒருவருக்கு மற்ற இருவரும் எழுதிக் கொடுங்கள். தம்பி வெளிநாட்டில் இருப்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்து, வாடகைச் சட்டம். 1960-ஆம் வருடச் சட்டம் இப்போது இல்லை. 2017-இல் போட்ட புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. வாடகைக்கு எழுத்து ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அரசு இணையதளத்திலேயே பதியலாம். வீட்டுக்காரர் இறந்தாலும் ஒப்பந்த நிபந்தனைகள் வாரிசுகளைக் கட்டுப்படுத்தும். உங்களிடம் ஒப்பந்தமே இல்லை என்பதால் இப்போதாவது போட்டுவிடுங்கள். இரண்டு மாத வாடகை பாக்கி நின்றால் காலி செய்யக் கேட்டு மனு போடச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் பாக்கியைக் கேட்டு அனுப்பும் நோட்டீஸ் கிடைத்து ஒரு மாதத்துக்குள் அவர் பாக்கியைக் கட்டிவிட்டால் அந்தக் காரணம் நிற்காது.

ஒன்று மட்டும் எந்தக் கோபத்திலும் செய்யக் கூடாது. தண்ணீரை நிறுத்துவது, கரண்டைப் பிடுங்குவது, பூட்டுப் போடுவது. அத்தியாவசிய வசதியைத் தடுத்தால் வாடகை அதிகாரியே உடனே திரும்பக் கொடுக்கச் சொல்லி உத்தரவு போடலாம். அதோடு நீங்கள் கேட்க வந்த நியாயமும் போய்விடும்.

இனி பாக்கி. நோட்டில் இரண்டு பக்கமாகப் பிரியுங்கள். அப்பா இருந்தவரை விழுந்தது ஒரு கணக்கு, அதற்குப் பிறகு விழுந்தது வேறு கணக்கு. முதலாவது அப்பாவுக்கு வரவேண்டிய கடன். அதைக் கோர்ட் வழியாக வசூலிப்பதென்றால் தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்று போதாது, நீதிமன்றத்தில் வாரிசுரிமைச் சான்று வாங்க வேண்டும். 8,000 ரூபாய்க்கு அந்த அலைச்சல் கட்டாது. எனவே அதைப் பேசித்தான் தீர்க்க வேண்டும்.

கருங்கல் கட்டார்

குமாஸ்தா ஐயா சொன்னதெல்லாம் சரி. ஆனால் ஒரு விஷயம் யாரும் பேசவில்லை. அந்த அம்மாவும் கஷ்டத்தில்தான் இருக்கிறார். சிறு வீட்டுக்காரர் என்றால் பெரிய பணக்காரர் இல்லை. என் அத்தைக்கு இதே நிலைமைதான். மாமா இருந்தபோது இரக்கப்பட்டு விட்டுவைத்த ஆட்கள், மாமா போன பிறகு அத்தையிடம் ஒரு மாதம் கொடுப்பார்கள், மூன்று மாதம் கொடுக்க மாட்டார்கள். அத்தை ரேஷன் அரிசியில் ஓட்டினார். இரக்கம் வேண்டாம் என்று சொல்லவில்லை. யாருடைய செலவில் இரக்கம் என்று கேட்கிறேன். அதுவும் பன்னிரண்டு வருடம் தாண்டிவிட்டால் இருப்பவனுக்கே சொந்தம் என்று சொல்லிவிடுவார்கள். அந்தப் பாட்டி எத்தனை வருடமாக இருக்கிறார் பாருங்கள்.

தக்கலை பழைய குமாஸ்தா

கட்டார் தம்பி, பன்னிரண்டு வருடக் கதையை நம்பி எத்தனையோ நல்ல குடும்பங்கள் பயந்துபோய்ப் பழைய குடியிருப்பாளர்களை வெளியே தள்ளியிருக்கின்றன. வாடகை கொடுத்து இருப்பவர் உங்கள் அனுமதியில் இருப்பவர். எத்தனை வருடம் இருந்தாலும், வாடகைதாரராக இருந்துகொண்டே வீடு என்னுடையது என்று அவர் சொல்ல முடியாது. 900 ரூபாய் என்றாலும் மாதாமாதம் வாங்கி, ரசீது கொடுங்கள். வாடகையே வாங்காமல் ‘சும்மா இருக்கட்டும்’ என்று விடுவதைவிட அதுதான் இரண்டு பேருக்கும் பாதுகாப்பு.

அத்தை விஷயத்தில் நீங்கள் சொன்னது நியாயம். அம்மாவுக்கு மாதம் குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டும் என்ற கணக்கில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

குளச்சல் கரைமடி

எங்கள் பக்கம் நடப்பதைச் சொல்கிறேன். எங்கள் மூன்று வீட்டிலும் விசைப்படகில் போகிற குடும்பங்கள். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் கிடந்தால் வீட்டில் அடுப்பு எரிவதே பெரிய பாடு. அந்த இரண்டு மாதமும் முழு வாடகை கேட்டுச் சண்டை போட்டு எங்கள் அப்பா காலத்தில் ஒன்றும் வசூலானதில்லை. இப்போது என்ன செய்கிறோம் என்றால், ஜூன் ஜூலையில் பாதி வாடகை. தடை முடிந்து கணவாய் மீன் சீசன் வந்ததும் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை கூடுதலாகக் கட்டி அந்தப் பாதியை நிரப்ப வேண்டும். ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டோம். வருடத்துக்கு வரவேண்டிய தொகை ஒரு ரூபாய் குறையவில்லை.

ஆள் ஏமாற்றுகிறாரா, உண்மையிலேயே முடியவில்லையா என்பதும் இதில் தெரிந்துவிடும். சீசனிலும் கொடுக்காதவரிடம்தான் கறாராகப் பேசவேண்டியிருக்கும்.

குலசேகரம் ரப்பர்

குளச்சல் அண்ணன் சொன்னது எங்கள் பக்கத்துக்கும் பொருந்தும். மழையில் ரப்பர் பால் வெட்டு நின்றுவிட்டால் வெட்டுக்காரருக்குக் கூலி இல்லை. இரண்டு பருவமழையும் அடிக்கிற மாவட்டம் இது. மாதம் ஐந்தாம் தேதி என்று எல்லோருக்கும் ஒரே தேதியை வைத்துக்கொண்டு காத்திருப்பதில் பிரயோஜனம் இல்லை. எங்கள் குடியிருப்பாளர் ஒருவருக்கு சனிக்கிழமைதான் கூலி. வாரம் வாரம் வாங்குகிறோம்.

மார்த்தாண்டம் வாடகைக்காரி

நான் வாடகைக்கு இருப்பவள், இரண்டு பிள்ளைகள். அந்தக் கொத்தனார் மனைவியின் இடத்தில் இருந்து சில விஷயங்கள் சொல்கிறேன், தப்பாக எடுக்க வேண்டாம்.

வாடகை பாக்கி இருந்தால் வீட்டுக்காரர் வீட்டைத் தாண்டிப் போகவே உடம்பு கூசும். குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போவதற்கு முன்னால், முன்வீட்டு வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப்பார்த்துத்தான் போவோம். முற்றத்தில் நின்று ‘என்ன, இந்த மாதமும் இல்லையா?’ என்று நாலு பேர் கேட்கக் கேட்டால், அன்று இராத்திரியே எங்கேயாவது கடன் வாங்கிக் கொடுத்துவிடத் தோன்றும். அப்படித்தான் நானும் வாரக் குழுவில் லோன் எடுத்து வாடகை கட்டினேன். அடுத்த வாரத்தில் இருந்து குழுவுக்குக் கட்ட வேண்டும், அடுத்த மாத வாடகையும் கட்ட வேண்டும், இரண்டும் நின்றுபோனது. அந்த ஒரு மாத வாடகை வீட்டுக்காரருக்குக் கிடைத்தது உண்மை. அதற்குப் பிறகு மூன்று மாதம் அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

ஆகவே அக்கா, மொத்தப் பாக்கியையும் ஒரே நேரத்தில் கேட்காதீர்கள். கொத்தனார் மனைவியைத் தனியாக, உட்காரவைத்துக் கேளுங்கள். வீட்டுக்குள் கூப்பிட்டு ஒரு சாயா கொடுத்து, ‘உன் சம்பளம் என்றைக்கு வரும், அதில் எவ்வளவு எடுக்க முடியும்?’ என்று கேளுங்கள். அவர் 1,500 என்று சொன்னால் அதை நம்பி வாங்கி, ரசீது கொடுங்கள். ரசீதைக் கையில் வாங்கினால் அடுத்த மாதமும் கொண்டுவந்து கொடுக்கத்தான் மனம் சொல்லும்.

சுங்கான்கடை தொழிலாளி

கட்டடத் தொழிலாளர் சங்கத்தில் இருக்கிறேன். கொத்தனாரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, நலவாரிய அட்டை இருக்கிறதா, புதுப்பித்திருக்கிறாரா? இருந்தால் விபத்துக்கு உதவி கேட்கலாம், பிள்ளைக்கு கல்வி உதவித்தொகையும் கேட்கலாம். பத்தாம் வகுப்புப் பிள்ளை என்றீர்களே. இரண்டு, யாருடைய வேலையில் விழுந்தார்? வேலை நேரத்தில் அடிபட்டால் வேலை கொடுத்தவர் நஷ்டஈடு கொடுக்க வேண்டும், அதற்குச் சட்டம் இருக்கிறது. விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும். நம் ஊரில் காண்டிராக்டர் ஆஸ்பத்திரிக்கு வந்து ஐயாயிரமோ பத்தாயிரமோ கையில் வைத்துவிட்டுப் போய்விடுவார், அதோடு எல்லாம் முடிந்தது என்று இவர்களும் நினைத்துக்கொள்வார்கள். முடியவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, ஆம்புலன்ஸ் சீட்டு எதையும் தூர எறியாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

வீட்டுக்காரர் என்ற முறையில் நீங்கள் ஒரு நாள் அவரோடு போய் மனுவை எழுதிக் கொடுத்தாலே போதும். வாடகையைக் கேட்பதைவிட அது பெரிய வேலை. அந்தப் பணம் வந்தால் உங்கள் பாக்கியும் அதில் இருந்துதான் வரும்.

இன்னொன்று. கம்பியை எடுக்க மறுபடி ஆபரேஷன் வரலாம். முதல்வர் மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லாவிட்டால் இப்போதே எடுக்கச் சொல்லுங்கள்.

வடசேரி மூத்தவள்

எல்லோருக்கும் நன்றி. சனி ஞாயிறில் வந்து பேசினேன்.

அப்பாவின் நோட்டை முழுதாகப் பார்த்தேன். சில ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கொத்தனார் பெயருக்கு எதிரே 4,000-க்குப் பதில் 2,500, பக்கத்தில் ‘மழை’ என்று எழுதியிருக்கிறது. மாசி, பங்குனியில் 5,000, 5,500 என்று சேர்த்து வாங்கியிருக்கிறார். குளச்சல் அண்ணன் சொன்ன அதே ஏற்பாட்டை அப்பா யாரிடமும் சொல்லாமல் செய்துவந்திருக்கிறார். இதைப் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். அப்பா ஏமாளி என்றுதான் அவன் நினைத்திருந்தான். வருடக் கணக்கைக் கூட்டிப் பார்த்துவிட்டு ஒரு நாள் கழித்துத்தான் பேசினான்.

கொத்தனார் மனைவியை வீட்டுக்குள் கூப்பிட்டுப் பேசினேன். அட்டை இருக்கிறது, புதுப்பிக்கவில்லை. காண்டிராக்டர் கொடுத்த தொகையோடு சரி. மாதம் 2,500 கட்ட முடியும் என்று அவரே சொன்னார். தைக்குள் கொத்தனார் இலகுவான வேலைக்காவது போய்விடுவார் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம்.

பாட்டியிடம்தான் எனக்கு வாய் வரவில்லை. 900-ஐ 2,000 ஆக்கலாம் என்று தம்பி சொல்கிறான். மற்ற வீட்டோடு பார்த்தால் 2,000-கூடக் குறைவுதான்.

கருங்கல் கட்டார்

பாட்டி பூ விற்பவர். வருமானம் இருக்கிறது. 2,000 கேட்பதில் தப்பில்லை.

தோவாளை மடத்தெரு

தோவாளைக்காரி சொல்கிறேன். பூ விலை ஒரு நாள் இருக்கும் மாதிரி மறுநாள் இருக்காது. ஓணத்துக்கு முன்னால் ஏறும், ஆடியில் கல்யாணம் இல்லாமல் கிடக்கும். எடுத்த பூ விற்காவிட்டால் சாயங்காலம் வாடிப்போகும், அதைத் திருப்பிக் கொடுக்க முடியாது. தலைச்சுமையாகக் கொண்டுபோய் விற்கும் பாட்டிக்கு 1,100 ரூபாய் கூடுதல் என்பது பெரிய தொகை.

முதியோர் உதவித்தொகை வாங்குகிறாரா? இல்லையென்றால் இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டுக் கொடுங்கள். அது வந்த பிறகு 300 ரூபாய் கூட்டினால் அவருக்கும் தாங்கும்.

வடசேரி மூத்தவள்

அம்மாவிடம் இதைப் பற்றிப் பேசியபோதுதான் தெரிந்தது. அப்பா போன நாளில் இருந்து பாட்டி இராத்திரி முன்வீட்டில்தான் படுக்கிறாராம். அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கி வியர்த்துப்போன ஒரு இராத்திரி, வெல்லத்தைக் கரைத்துக் கொடுத்து, ஆட்டோக்காரரை எழுப்பி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் இவர்தான். என்னிடம் சொன்னால் பயப்படுவேன் என்று இரண்டு பேரும் சொல்லவில்லை. இராத்திரிக்கு ஆள் வைத்தால் நாகர்கோவிலில் என்ன கொடுக்க வேண்டும் என்று தம்பியிடம் கேட்டேன். அவனிடம் பதில் இல்லை.

கருங்கல் கட்டார்

அப்படியென்றால் நான் சொன்ன கணக்கு தப்பு. பாட்டியைத் தொடாதீர்கள்.

ஆனால் குமாஸ்தா ஐயா, ஒரு சந்தேகம். பாட்டி செய்யும் உதவிக்குப் பதிலாக வாடகை என்று எழுதினால் பின்னால் சிக்கல் வராதா?

தக்கலை பழைய குமாஸ்தா

நல்ல கேள்வி. இரண்டையும் ஒரே தாளில் கலக்கவே கூடாது. வாடகை 900 அல்லது 1,200, எதுவானாலும் வாடகை ஒப்பந்தத்தில் அந்தத் தொகை மட்டும் இருக்கட்டும். பாட்டி அம்மாவுக்குத் துணையாக இருப்பது அன்பில் நடப்பது. அதற்குக் கைச்செலவு கொடுக்க விரும்பினால் தனியாகக் கொடுங்கள். வேலைக்காகக் கொடுத்த வீடு என்று எழுதினால், நாளைக்கு அவருக்கு உடம்புக்கு முடியாமல் போகும்போது வீடும் கேள்விக்குறியாகும். அது அவருக்கு நாம் செய்யும் அநியாயம்.

கொத்தனார் விஷயத்துக்கு வருகிறேன். அப்பா காலத்து 8,000 பாக்கியை, அப்பாவே வாங்கி வைத்த 10,000 அட்வான்ஸில் கழிக்கலாம். இரண்டும் ஒரே காலத்துக் கணக்கு, யாரும் யாருக்கும் தள்ளுபடி செய்ததாக இருக்காது. தம்பியும் ஒத்துக்கொள்வார். அட்வான்ஸில் 2,000 நிற்கும். அதற்குப் பிறகுள்ள மூன்று மாதம் 12,000-ஐ ஒப்புக்கொண்டு அவர் கையெழுத்துப் போடட்டும். வாடகைப் பாக்கிக்குக் காலவரம்பு மூன்று வருடம். பாக்கியை எழுத்தில் ஒப்புக்கொண்டால் அந்தத் தேதியில் இருந்து புதிதாக எண்ணலாம். அவசரப்பட்டு நெருக்க வேண்டிய தேவை உங்களுக்கு இருக்காது.

இரணியல்காரன்

அட்வான்ஸ் 2,000 ஆகிவிட்டால் பிடிமானமே இல்லையே?

தக்கலை பழைய குமாஸ்தா

இல்லைதான். அந்தப் பிடிமானத்தை விட்டுக்கொடுத்துத்தான் இந்த ஏற்பாடு நடக்க முடியும். வேலைக்குத் திரும்பிய பிறகு மாதம் 500 வைத்து அட்வான்ஸை நிரப்பச் சொல்லலாம்.

கிள்ளியூர் சகோதரி

இடையில் கேட்கிறேன். எங்கள் வீடு கிராம ஊராட்சியில் இருக்கிறது. எங்களுக்கும் இதே சட்டம்தானா?

தக்கலை பழைய குமாஸ்தா

2017 சட்டம் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிப் பகுதிகளுக்கு. கிராம ஊராட்சி என்றால் பழைய சொத்து மாற்றுச் சட்டப்படி மாத வாடகைக்குப் பதினைந்து நாள் நோட்டீஸ், பிறகு சிவில் கோர்ட். ஆனாலும் எழுத்து ஒப்பந்தமும் ரசீதும் உங்களுக்கும் வேண்டும்.

வடசேரி மூத்தவள்

முடிவான ஏற்பாட்டை எழுதுகிறேன், தப்பு இருந்தால் சொல்லுங்கள்.

கொத்தனார் குடும்பம் மார்கழி வரை மாதம் 2,500. ஜவுளிக்கடைச் சம்பளம் ஏழாம் தேதி என்பதால் எட்டாம் தேதி கொண்டுவருவார்கள். தையில் இருந்து முழு 4,000. குறைத்து வாங்கும் 1,500-உம் பழைய 12,000-உம் சேர்த்து, மாசியில் தொடங்கி மாதம் 1,000 வீதம். இழப்பீடு வந்தால் முன்னாலேயே முடிக்கலாம், கட்டாயம் இல்லை. சுங்கான்கடை அண்ணன் தொழிலாளர் அலுவலகத்துக்குக் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார், மிக்க நன்றி.

அம்மாவின் செலவில் விழும் இடைவெளியை மார்கழி வரை நானும் தம்பியும் பாதிப் பாதியாக அம்மா கணக்கில் போடுகிறோம். இது தம்பியே சொன்னது. இடித்துக் கட்டும் பேச்சை இரண்டு வருடத்துக்கு எடுப்பதில்லை என்றும் சொல்லிவிட்டான்.

பாட்டிக்கு 900-ஏ தொடரும். உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. ஆட்டோக்காரருக்கும் ஒப்பந்தம் போடுகிறோம், ஒழுங்காகக் கட்டுபவரை விட்டுவிடக் கூடாது.

மார்த்தாண்டம் வாடகைக்காரி

அந்த ஆட்டோக்காரர் வீட்டுக் கூரை ஓடுகளையும் ஒருமுறை பாருங்கள் அக்கா. ஒழுங்காகக் கட்டுபவர்கள் ஒழுகினாலும் வாய் திறக்க மாட்டார்கள்.

தக்கலை பழைய குமாஸ்தா

ஏற்பாடு சரியாக இருக்கிறது. இரண்டு திருத்தம். மார்கழி, தை என்று எழுதாமல் ஆங்கிலத் தேதி போடுங்கள். 2,500 வாங்கும் மாதங்களில் ரசீதில் ‘வாடகை 2,500’ என்று எழுதினால் வாடகையே அவ்வளவுதான் என்று ஆகிவிடும். ‘வாடகை 4,000-இல் வரவு 2,500, மீதி 1,500’ என்று எழுதி, இரண்டு பிரதியிலும் கொத்தனாரின் மனைவியும் கையெழுத்துப் போடட்டும். பணம் கொண்டுவருவது அவர்தானே.